ஓட்டை என்று வாசிக்க மாட்டேன்

எங்கள் பங்குக்கோயில் வானொலியில் நொல்வியா காஸ்தெஹோன் பேசும்போது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அவள் குரல் ஏறினால் குறைக்க வேண்டும், இருமினால் ஒலிவாங்கியை மூட வேண்டும், இடையில் பாட்டுப் போட வேண்டும். அதுதான் என் வேலை. காலையில் ஜெபமாலை, பிறகு மரண அறிவிப்பு, அதற்கும் பிறகு கடலுக்குப் போனவர்களுக்கு வீட்டுச் செய்தி. இரால் படகில் இருக்கும் இன்னாருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம், மாமியாரோடு சண்டை இல்லை என்று அவள் படித்தால் நடுக்கடலில் ஒருவன் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொள்வான். ஊரில் யாராவது இறந்துபோனால்கூட நொல்வியா சொன்ன பிறகுதான் நம்புவார்கள்.

சனிக்கிழமைகளில் அவள் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பாள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு முதல் நன்மைக்கு, அதாவது பூசையில் முதன்முதலாகத் திருவப்பம் வாங்குவதற்கு, பாடம் சொன்னது அவள்தான்.

அவள் கணவன் எவேலியோ சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தவன். ஒருமுறை திரும்பி வந்தபோது ஆள் பாதியாக இருந்தான். இருமல் நிற்கவில்லை. சுகாதார நிலையத்து டாக்டர் ருபேனியா காசநோய்க்கு மருந்து கொடுத்துவிட்டு, சந்தேகப்பட்டு இன்னொரு சோதனையும் செய்தார். அவனுக்கு எச்.ஐ.வி. இருந்தது. நொல்வியாவுக்கு இல்லை. ஹோண்டுராஸில் அந்த நோய் அதிகம் இருந்ததே எங்கள் வடகரையில்தான். எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு வீட்டைக் காட்டுவார்கள், தங்கள் வீட்டை மட்டும் காட்ட மாட்டார்கள்.

துறைமுகம் துறைமுகமாகப் பெண்களிடம் போனதை எவேலியோ மறைக்கவில்லை. நொல்வியா வீட்டிலிருந்த தட்டுகளையெல்லாம் உடைத்தாள். அந்த மழைக்காலம் முழுவதும் அவனோடு பேசவில்லை. பிறகு பேசினாள். இதெல்லாம் பின்னால் அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பேச ஆரம்பித்த பிறகு என்ன செய்வது என்று அவள் பங்குச்சாமி கான்ராதோவிடம் போய்க் கேட்டாள். சாமி கல்நெஞ்சுக்காரர் இல்லை. முதன்முதலில் இந்த நோயில் ஆட்கள் சாகத் தொடங்கியபோது பெற்ற தாயே தொடப் பயந்த உடல்களை அவர்தான் குளிப்பாட்டினார், பெட்டிக்கு ஆள் சேராதபோது தன் தோளில் தூக்கினார். அவர் நொல்வியாவுக்குச் சொன்ன வழி ஒன்றுதான்: ஆணுறை திருச்சபை விலக்கியது, ஆகவே இருவரும் ஒரே வீட்டில் அண்ணன் தங்கையாக இருந்துகொள்ளுங்கள்.

இருந்து பார்த்தார்கள். எவேலியோ படகுத்துறையில் குடித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தான். தன்னைத் தொட அவள் அருவருக்கிறாள் என்று அவன் நினைத்தான். அவன் வேறு யாரிடமோ போகிறான் என்று அவள் நினைத்தாள். கடைசியில் ஒரு நாள் நொல்வியா நேரே சுகாதார நிலையத்துக்குப் போய், வரிசையில் அத்தனை பேர் பார்க்க, ஆணுறை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அண்ணனாக வைத்துக்கொள்ளவா இவனைக் கட்டிக்கொண்டேன் என்று டாக்டரிடம் சொன்னாளாம். அதை அவள் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவே இல்லை. பாவம் என்று நினைக்காததைப் பாவம் என்று சொன்னால் அதுதான் பொய் என்பது அவள் கணக்கு. ஒவ்வொரு ஞாயிறும் நன்மை வாங்கினாள். நான்கு வருஷம் அப்படிப் போயிற்று.

அந்த வருஷம் ஆகஸ்டு திருவிழாவில் ஆணுறை இலவசமாகக் கொடுக்கப் போவதாக அரசாங்கத்து ஆட்கள் அறிவித்தார்கள். எங்கள் வானொலிக் குழுவின் தலைவர் அமில்கார் கொதித்துப்போனார். ஊரிலேயே பெரிய இரும்புக்கடை அவருடையது, கோயில் கூரையும் அவர் போட்டுக்கொடுத்ததுதான். அவர் ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார், எல்லா நிகழ்ச்சிகளுக்கும் முன்பு நொல்வியா இதை வாசிக்க வேண்டும் என்றார். முதல் பாதியில் ஆணுறை பாவம், கணவன் மனைவி உறவு புது உயிருக்குத் திறந்திருக்க வேண்டும், கருவைத் தடுக்கக் கூடாது என்று இருந்தது. இரண்டாம் பாதியில், ஆணுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கின்றன, நோய்க்கிருமி அதன் வழியே தாராளமாகப் போகும், அதைப் போடுவதும் போடாததும் ஒன்றே என்று இருந்தது.

நொல்வியா இரண்டு முறை படித்தாள். மேல்பாதியை வாசிக்கிறேன், கீழ்ப்பாதியை வாசிக்க மாட்டேன் என்றாள். அமில்காருக்குப் புரியவில்லை. எல்லாம் ஒன்றுதானே என்றார். ஒன்றில்லை என்று தாளை மடித்துக் கிழித்து, கீழ்ப்பாதியை அவர் கையிலேயே கொடுத்தாள்.

விஷயம் சாமியிடம் போயிற்று. சாமி ஒலிப்பதிவு அறைக்கே வந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன், உட்கார் என்றாள் நொல்வியா.

"சாமி, பாவம்னு சொல்லச் சொல்றீங்க. சொல்றேன். அது திருச்சபையோட பேச்சு, நான் அதோட வாய். ஆனா ஓட்டைங்கறது பொய். டாக்டரம்மாகிட்ட கேட்டேன். தண்ணியே கசியாத ரப்பர், கிருமி எப்படிக் கசியும்னு அவங்க கேக்கறாங்க."

"டாக்டருக்குத் தெரிஞ்சது டாக்டருக்கு. இதைப் படிச்சவங்க சொல்லியிருக்காங்க நொல்வியா. அப்படியே கொஞ்சம் கூடுதலாச் சொல்லியிருந்தாலும், அந்தப் பயத்துல நாலு பேரு தப்பு வழிக்குப் போகாம இருந்தா நல்லதுதானே?"

"பயந்து யாரும் சும்மா இருக்க மாட்டாங்க சாமி. உறை இல்லாமப் போவாங்க. அவ்வளவுதான் நடக்கும்."

சாமி ஒலிவாங்கியை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அமில்காரே வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அமில்கார் வாசித்தார். இரும்புக்கடையில் ஆணி விலை சொல்லும் குரலில்தான் வாசித்தார், ஆனாலும் கோயில் வானொலி என்பதால் ஊர் கேட்டது. படகுத்துறைச் சாராயக்கடையில் சமையல் செய்யும் மிர்தா சந்தையில் நொல்வியாவைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள்: கடைக்கு வரும் ஆண்களுக்கெல்லாம் கொண்டாட்டம், சாமியே ஓட்டை என்று சொல்லிவிட்டார், இனி அந்தத் தொப்பியை எதற்கு மாட்டுவது என்று அங்கிருக்கும் பெண்களிடம் சட்டம் பேசுகிறார்களாம்.

அதைக் கேட்டு நொல்வியா வீட்டுக்குப் போனால், எவேலியோ தன் ஊஞ்சல்படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். படகு இயந்திரம் பழுதுபார்க்கும் அவனுடைய கொட்டகையில் வானொலி எப்போதும் பாடிக்கொண்டுதான் இருக்கும்.

"எங்க கிளம்பிட்ட?"

"கொட்டகையில படுத்துக்கறேன்."

"ஏன்?"

அவன் கயிற்றைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

"இத்தனை நாளா நான் உன்னைக் கொன்னுக்கிட்டா இருந்தேன், நொல்வியா?" என்றான் பிறகு.

டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் திரும்பச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான், ஆனால் படுக்கையைக் கீழே வைக்கவில்லை. கொட்டகைக்குப் போய்விட்டான். ஓட்டை இருக்கிறது என்று ஒருமுறை காதில் விழுந்த பிறகு அவனால் அவளைத் தொட முடியவில்லை. அவள் மறுபடியும் ரத்தம் கொடுத்தாள். முடிவு வரும்வரை வேலைக்கு வந்தாள், மரண அறிவிப்பு வாசித்தாள், அமில்கார் உள்ளே வரும்போது எழுந்து வெளியே போய் நின்றாள். அவள் காபிக்குச் சர்க்கரை போட மறந்து குடிப்பதைப் பார்த்தேன்.

முடிவு வந்தது. அவளுக்கு நோய் இல்லை. டாக்டர் ருபேனியா அவளோடு கொட்டகைக்கே போய், கையில் இருந்த எண்ணெய்க் கறையோடு எவேலியோவை உட்கார வைத்துச் சொன்னார்: உறை எப்போதாவது கிழியும், சரியாகப் போடாவிட்டால் கழன்றுவிடும், அதனால் நூற்றுக்கு நூறு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் போட்டால் அது காக்கும், உன் மனைவியே அதற்குச் சாட்சி. எவேலியோ அழுதான். அழுது முடித்துவிட்டு, இதை அந்த ஆணிக்கடைக்காரனிடம் யார் சொல்வது என்று கேட்டான்.

"நான் சொல்றேன்," என்றாள் நொல்வியா. "ரேடியோல சொல்றேன். உன் பேரைச் சொல்ல மாட்டேன்."

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தான்.

"பேரைச் சொல்லு. பேர் இல்லாமச் சொன்னா ஊரு வேற எவனையாவது கைகாட்டும். என் சீக்கை நானே சுமந்துக்கறேன்."

மறுநாள் காலையில் ஜெபமாலை முடிந்தது. மரண அறிவிப்பு முடிந்தது. இடையில் பாட்டுக்கு நான் கையை நீட்டினேன், வேண்டாம் என்று கண்ணாடி வழியே கையசைத்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு அப்போதும் தெரியாது.

"இன்னைக்குக் கடலுக்கு ஒரே ஒரு சேதிதான்," என்று ஆரம்பித்தாள். "அது என்னோட சேதி. கரையில இருக்கறவங்களும் கேளுங்க. இந்த ரேடியோவுல ஒரு அறிவிப்பு வாசிக்கறாங்க. அதுல ஆணுறை பாவம்னு சொல்றது திருச்சபை போதனை. அது அவங்க உரிமை, நீங்க கேட்டு உங்க மனசாட்சிப்படி நடந்துக்கங்க. ஆனா அதுல ஓட்டை இருக்கு, நோய் அது வழியாப் போகும்னு சொல்றாங்களே, அது பொய். எப்படித் தெரியும்னு கேப்பீங்க. என் வீட்டுக்காரர் எவேலியோவுக்கு எய்ட்ஸ் கிருமி இருக்கு. படகு மோட்டார் ரிப்பேர் பண்ற எவேலியோதான், உங்களுக்கெல்லாம் தெரிஞ்சவர்தான். நான் அவரோட மனைவியா நாலு வருஷம் வாழ்ந்திருக்கேன். மனைவியான்னா மனைவியாத்தான். எனக்கு நோய் இல்லை."

என் பின்னால் கதவு திறந்தது. காலை அறிவிப்பை வாசித்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுக்குப் போய் வானொலி கேட்டுக்கொண்டிருந்த அமில்கார் காலில் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்திருந்தார். அணை, உடனே அணை என்றார். என் கைக்குப் பக்கத்தில்தான் குமிழ் இருந்தது. நான் இரண்டு கையையும் எடுத்து கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவரே அணைக்கலாம் என்று குனிந்தார், எது எந்தக் குமிழ் என்று அவருக்குத் தெரியவில்லை. எதையோ திருகினார். நொல்வியாவின் குரல் இன்னும் உரக்கப் போயிற்று.

"கிழியாதான்னா, எப்பவாவது கிழியும். அதைவிடப் பத்திரம் வேணும்னா தனியாப் படுங்க, யாரும் வேண்டாங்கல. ஆனா ஓட்டைன்னு நம்பி வெறுமனே போகாதீங்க. அப்படிப் போய்ச் செத்தா, உங்க மரண அறிவிப்பை நான்தான் வாசிக்கணும். எனக்கு வாசிச்சு வாசிச்சு அலுத்துப்போச்சு."

ஒலிவாங்கியைத் தானே அணைத்துவிட்டு வெளியே வந்தாள். அமில்காரிடம், உங்கள் காலில் ஆணி குத்திவிடப் போகிறது ஐயா, செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அன்றைக்கே அவளுக்கும் எனக்கும் வேலை போயிற்று. சனிக்கிழமை வகுப்பும் அவளிடமிருந்து போயிற்று. எவேலியோ தொட்ட இயந்திரத்தைத் தொட்டால் நோய் வரும் என்று பழுதுக்குக் கொடுத்திருந்தவர்கள் பாதியிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் ஒருவருக்கும் பதில் சொல்லாமல் கழற்றிப் போட்ட திருகாணிகளைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தான். நொல்வியா தெருவில் போனால் பையன்கள் "தொப்பிக்காரி" என்று கூப்பிட்டார்கள். அவள் நின்று, உங்கள் அப்பாவுக்கு வேண்டுமென்றால் சுகாதார நிலையத்தில் கிடைக்கும், சொல்லுங்கள் என்றாள். அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவளும் எவேலியோவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். இப்படி ஊரறியச் சொன்ன பிறகு நன்மைக்கு வர வேண்டாம் என்று சாமி முந்தின நாளே ஆள் அனுப்பியிருந்தார். அவர்கள் எழுந்து வரிசையில் போனார்கள். சாமி அவள் முன்னால் வந்ததும் கையிலிருந்த அப்பத்தைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டு, அவளுக்கு அடுத்தவளுக்குக் கொடுத்தார். எவேலியோவையும் கடந்தார். அவர்கள் திரும்பிப் போகவில்லை. வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பூசை முடியும்வரை பீடத்துக்கு முன்னால் அப்படியே நின்றார்கள். வரிசை அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

அடுத்த ஞாயிறும் நின்றார்கள். அதற்கடுத்த வாரம் மிர்தா வந்து நொல்வியாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அப்புறம் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒருத்தி, புருஷன் என்ன நோயில் செத்தான் என்று யாருக்கும் சொல்லாதவள், கறுப்பு முக்காட்டோடு எழுந்து வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் சாமி எடுத்த அப்பத்தைக் கொடுக்க மறந்து நின்றதை நான் பார்த்தேன். அந்தப் புருஷனின் உடலைக் குளிப்பாட்டியது அவர்தான்.

அந்த வாரம் மழையில் நனைந்துகொண்டு அவர் நொல்வியா வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன், கொட்டகையில் எவேலியோவுக்கு உதவியாகச் சேர்ந்திருந்தேன். நொல்வியா அவருக்குக் காபியும் தேங்காய் ரொட்டியும் வைத்தாள். டாக்டர் ருபேனியாவைப் போய்ப் பார்த்ததாகச் சொன்னார்.

"நீ சொன்னதுதான் சரி. அந்த அறிவிப்பை நிறுத்திட்டேன். இனிமே அது வராது."

"மேல்பாதியுமா?"

"மேல்பாதி வரும். அது போதனை."

"வரட்டும். அதை நான் எதிர்க்கல."

"மத்தது என் கையில இல்ல நொல்வியா. அது என்னைவிடப் பெரியவங்க வச்ச சட்டம்."

"உங்க கையிலதான் சாமி இருக்கு. ஞாயித்துக்கிழமை அந்தக் கையைத்தானே என் முன்னாடி கொண்டுவந்து, அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போறீங்க."

சாமி காபியைக் குடித்து முடித்தார். எவேலியோவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு அவர் நொல்வியாவின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அவர் அப்பத்தை எடுத்து, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். நொல்வியா வாயைத் திறக்கவில்லை.

"முதல்ல அவருக்குக் குடுங்க சாமி," என்றாள்.

சாமி எவேலியோவுக்குக் கொடுத்தார். பிறகு நொல்வியாவுக்கு, மிர்தாவுக்கு, முக்காடு போட்டவளுக்கு. அமில்கார் மனைவி மக்களை எழுப்பிக்கொண்டு வெளியே போனார்.

அந்த வருஷம் முடிவதற்குள் கான்ராதோ சாமியை மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பங்குக்கு மாற்றினார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்கு வந்தவர்களில் எவேலியோதான் அவர் பெட்டியைத் தூக்கினான். புதிதாக வந்தவர் இளைஞர், நன்றாகப் பாடுவார். முதல் ஞாயிறு ஒன்றும் தெரியாமல் நொல்வியாவுக்கு அப்பம் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்குள் அமில்கார் அவரைப் பார்த்துப் பேசிவிட்டார். அப்பம் மறுபடி கிண்ணத்துக்குள் போயிற்று.

அவர்களும் மறுபடி நின்றார்கள்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புது மாத்திரைகள் வந்தபோது டாக்டர் ருபேனியா எவேலியோவின் பெயரைச் சேர்த்துவிட்டார். இப்போது அவனுக்குச் சதை பிடித்திருக்கிறது. பழைய வாடிக்கைக்காரர்கள் இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறார்கள், அவனும் பழைய கதை எதுவும் பேசாமல் வாங்கி வைக்கிறான். நொல்வியாவை வானொலியில் திரும்பச் சேர்க்கவில்லை. கோயில் வானொலியில் யாரோ ஒரு பெண் மூக்கால் ஜெபமாலை சொல்கிறாள். ஆனால் ஓட்டைப் பேச்சு அதற்குப் பிறகு அங்கே வரவேயில்லை. திருவிழாக் காலத்தில் சுகாதார நிலையத்து ஜீப்பில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கடற்கரைக் கிராமங்களுக்கு நொல்வியா போகிறாள். இரால் படகுக்காரர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் கரைக்கு ஓடி வந்து, இவள்தானா என்று முகத்தைப் பார்க்கிறார்கள்.

போன ஞாயிறு நானும் அவர்களோடு போய் நின்றேன். எனக்கு நோயும் இல்லை, மனைவியும் இல்லை. முட்டி வலித்தது, நின்றேன். பூசை முடிந்து படியிறங்கும்போது அமில்கார் எதிரே வந்தார். முன்பு போலக் கோபம் இல்லை, களைத்துப்போய்த்தான் கேட்டார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு அம்மா இப்படி நிப்பீங்க?"

"கோயிலைப் பூட்டற வரைக்கும்," என்றாள் நொல்வியா. "பூட்டினா வாசல்ல நிப்போம்."

எவேலியோவின் கையைப் பிடித்துக்கொண்டு, மீன் தீர்ந்துவிடும் என்று சந்தைப் பக்கம் வேகமாக நடந்தாள்.